ஒரே வாசலில் இரண்டு பந்தக்கால்

பழைய படத்தில் மலை, துணியில் வரைந்தது. நாயகனும் நாயகியும் அதன் முன்னால் பாடி ஓடும்போது மலை லேசாக ஆடும். தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும்போதெல்லாம் அந்த இடத்துக்காக நான் காத்திருப்பேன். கதை எளிது. தம்பிக்குப் பெண் பார்க்கப் போகிற அக்கா, வீடு மாறி எதிர்வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறாள். அங்கே இருக்கிற பெண்ணைப் பிடித்துப்போய், கேசரி சாப்பிட்டு, பூவும் வைத்துவிட்டு வந்துவிடுகிறாள். அந்தப் பெண்ணோ தினமும் பஸ்ஸில் தம்பியோடு சண்டை போடுகிறவள். மிச்சப் படம் அந்தக் குழப்பம்தான். கடைசியில் கல்யாணம். அக்கா மூன்றாவது முடிச்சைப் போடும்போது திரையில் ‘வணக்கம்’ விழும்.

அந்தப் படத்தை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மறுபடியும் எடுக்கிறார்கள் என்ற தகவல் எனக்கு என் மனைவியின் அண்ணன் வழியாக வந்தது. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் நிருபர். ஊரில் நடப்பது எனக்கு முன்னால் மச்சானுக்குத் தெரிவது இது முதல் தடவை அல்ல. இந்தத் தடவை காரணம் இருந்தது. அவர்கள் கேட்டு வந்ததே அவர் வீட்டைத்தான்.

மச்சான் வீடு கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஓட்டு வீடு, நடுவில் முற்றம், பின்னால் கரும்பும் மரவள்ளியும். வாசலில் நின்று நிமிர்ந்தால் கல்வராயன் மலை முழுதாகத் தெரியும். படத்தின் இயக்குநர் முப்பது வயதைத் தொட்டிருக்காத, மெதுவாகப் பேசுகிற இளைஞர். வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, வீட்டை விலை கேட்பவர் போல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழைய படத்தில் எல்லாமே செட், இதில் எல்லாமே நிஜமாக இருக்க வேண்டும் என்றார். மச்சான் சம்மதித்ததற்குக் காரணம் கலை அல்ல. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டுக்கு எப்படியும் வெள்ளையடிக்க வேண்டும். அவர்களே அடித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

அடித்தும் தந்தார்கள். முன்சுவர் முழுக்க நல்ல நீலம். மறுநாள் இன்னொரு குழு வந்து, அந்தப் புதுச் சுவரின் மேல் தேயிலைச் சாயமும் மண்ணும் கலந்து தெளித்து, பல வருடம் மழையில் நின்ற சுவராக்கிவிட்டுப் போனது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்குப் பழுப்புக் கறை இறங்கியிருந்தது. மச்சானின் மனைவி அதைப் பார்த்துவிட்டு அன்று யாரோடும் பேசவில்லை.

அது ஆவணி மாதம். படப்பிடிப்பில் முக்கியமான காட்சி, கடைசியில் வருகிற கல்யாணம். இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் கல்யாணம் மண்டபத்தில்தான் நடக்கிறது. ஆனாலும் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டால்தான் அது கல்யாண வீடு. நல்ல நாள் பார்த்து, சுமங்கலிகள் சேர்ந்து, குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றி, மஞ்சள் பூசிய ஒரு கிளையை நடுவார்கள். படக்குழு அதற்கு ஒரு மூங்கிலைப் பச்சைத் தாள் சுற்றிக் கொண்டுவந்திருந்தது. இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்யச் சொல்லி மச்சானின் மனைவியைக் கேட்டார்.

அவர் செய்தார். ஒதிய மரத்தில் நேரான கிளையாகப் பார்த்து வெட்டிவரச் சொன்னார். அக்கம்பக்கத்துப் பெண்களைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். நவதானியத்தில் ஒன்று குறைகிறது என்று கடைக்கு ஆள் அனுப்பினார். அதுவரை கேமராவும் குடையும் இயக்குநரும் காத்திருந்தார்கள். உதவி இயக்குநர் ஒருவர், படத்தில் குழிக்குள் இருப்பது தெரியாது, சும்மா பாவனை செய்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தார். மச்சானின் மனைவி நிமிரவில்லை.

“பொய்யா செய்யறதுக்கு எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

மறுநாள் கல்யாணக் காட்சி. மணமேடை வாசலில், கறை இறங்கிய அந்த நீலச் சுவருக்கு முன்னால். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதால் மச்சான் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வேன் வைத்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அவருடைய பெரியப்பாதான் வீட்டுக்குத் தலைமை. கரும்பு விவசாயி. கூட்டுறவுச் சங்கம், கோயில் கமிட்டி என்று எதிலாவது தலைவராக இருந்து பழகியவர். அந்தப் பழைய படத்தைக் கொட்டகையில் பார்த்தவர். படப்பிடிப்புக்கு வந்ததிலிருந்து, அதில் யார் எங்கே நின்றார்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் பட்டுப்புடவையிலும் பட்டு வேட்டியிலும் இருந்தார்கள். உண்மையான மேளம், உண்மையான சமையல், உண்மையான மஞ்சள் கயிறு. நாயகன் தாலி கட்ட, அட்சதை விழுந்தது. மறுபடி கட்டச் சொன்னார்கள். ஒப்பனைப் பெண் ஒருத்தி வந்து தாலியை அவிழ்த்தபோது பெண்கள் வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மறுபடி கட்டினார், மறுபடி அட்சதை. ஒவ்வொரு தடவையும் பெரியப்பா கண்ணை மூடி, வாய்க்குள் எதையோ சொல்லி, நிதானமாக அரிசியைத் தூவினார். கொஞ்சம் வேகமாகப் போடச் சொல்லி அவரிடம் கேட்டார்கள். அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

இடையில் அவர் உதவி இயக்குநரைக் கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

“ஏம்ப்பா, அக்கா எங்க?”

இந்தப் படத்தில் அக்கா இல்லை என்றார் உதவி இயக்குநர். இந்தக் காலத்தில் யாரும் வீடு மாறிப் போவதில்லை. அதனால் நாயகன் போனில் கல்யாணச் செயலியில் பெண் தேடுகிறான், விரல் தவறிப் பக்கத்துப் படத்தைத் தொட்டுவிடுகிறான், அங்கிருந்து குழப்பம் தொடங்குகிறது. அக்கா செய்த வேலையை இப்போது போன் செய்கிறது. பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, போனுக்கு யார் கேசரி தருவார்கள் என்றார். உதவி இயக்குநர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மலை எங்களுக்கு மேற்கே இருக்கிறது. அதனால் எங்கள் பக்கத்தில் வெயில் கடிகாரத்தை முந்திக்கொண்டு இறங்கிவிடும். சென்னையிலிருந்து வந்தவர்கள் அதைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. நிழல் வாசலுக்கு வந்ததும் அவசரம் பற்றிக்கொண்டது. கைகளை மட்டும் கிட்டத்தில் எடுக்க வேண்டியவை பாக்கி இருப்பதாகவும், அவற்றைச் சென்னையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் பேசிக்கொண்டார்கள். இரவுக்குள் லாரிகள் போய்விட்டன. படப்பிடிப்பு பற்றி நான் நான்கு பத்தி அனுப்பினேன். ஒன்று வந்தது. அதில் மலை மட்டும் இருந்தது.

பந்தக்கால் வாசலிலேயே நின்றது. எடுத்துப் போக வேண்டும் என்று படக்குழுவுக்குத் தோன்றவில்லை. எடுப்பதென்றால் அதற்கும் ஒரு நாளும் முறையும் உண்டு என்பதால் வீட்டிலும் யாரும் கை வைக்கவில்லை. ஐப்பசி மழை வந்தது. ஒதியங்கிளைக்குத் தண்ணீர் கிடைத்தால் போதும். கார்த்திகை பிறந்தபோது அதன் தலையில் சிவப்பும் பச்சையுமாகத் துளிர்கள் இருந்தன.

அந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண வேலைகளைப் பேசி முடிக்கப் பெரியப்பா வந்தார். நானும் மனைவியும் போயிருந்தோம். பேச வேண்டியவை அதிகம் இல்லை. மண்டபம் சொல்லியாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை துபாயில் வேலை கிடைத்து மாசியில் கிளம்புவதாக இருந்தது. போனால் இரண்டு வருடத்துக்கு விடுமுறை கிடையாது. தையில் கல்யாணத்தை முடித்து, பெண்ணுக்கும் விசா எடுப்பது ஏற்பாடு. மச்சான் மகளும் அந்தப் பையனும் ஒரே கல்லூரி பஸ்ஸில் போனவர்கள். அவர்கள் ஆசைப்பட்டதை இரண்டு வீடுகளும் பேசிப் பேசி ஒப்புக்கொள்ளவே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

பெரியப்பா வண்டியிலிருந்து இறங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். துளிரைக் கிள்ளிப் பார்க்கவில்லை. சுற்றி வந்து அடிமண்ணைப் பார்த்தார்.

“இது இன்னா சம்பந்தி?” என்று கேட்டார்.

சினிமாவுக்கு நட்டது என்றார் மச்சான். பெரியப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். காப்பி வந்தது, தொடவில்லை. மச்சானின் மனைவியைக் கூப்பிட்டு, குழியில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். அவர் சொன்னார். பால்? ஊற்றினோம். சுமங்கலிகள்? இருந்தார்கள். நாள்? நல்ல நாள்தான், நானே பார்த்தேன் என்றார் அவர். ஒவ்வொரு பதிலிலும் கொஞ்சம் பெருமை இருந்தது. கடைசிப் பதிலுக்குப் பிறகுதான் அவருக்கே விஷயம் உறைத்தது. முந்தானையை இழுத்துக்கொண்டு கதவோரம் ஒதுங்கினார்.

ஒரே வாசலில் ஒரே வருடத்தில் இரண்டு பந்தக்கால் நடுவதில்லை. இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் தம்பி கல்யாணங்களையே இதற்காக அடுத்த ஆவணிக்குத் தள்ளிவைத்த வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் ஒரு கல்யாணம் முடிந்தால் அந்த வருடத்துக்கு அது போதும். இரண்டாவதை வீடு தாங்காது என்பார்கள்.

மச்சான் முதலில் இதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். நடிகர்கள் கட்டிய தாலி ஒரு தாலியா என்றார். பெரியப்பா சிரிக்கவில்லை. நடித்தவர்களைப் பற்றித் தனக்குப் பேச்சில்லை என்றார். நட்டது நடிகர்கள் அல்ல, இந்த வீட்டுப் பெண்கள். போட்டது நிஜமான நவதானியம். சமைத்ததைச் சாப்பிட்டது நாம்.

“நான் அட்சதை போட்டுட்டனே சம்பந்தி. வாயாற வாழ்த்திப் போட்டன். அதை இன்னா பண்றது?”

அன்றே அவிழ்த்துவிட்டார்களே, அவிழ்த்த கல்யாணம் எப்படிக் கல்யாணமாகும் என்று மச்சான் வேறு வழியில் போனார்.

“அவுத்தது வேற. கட்னது வேற.”

அவர் சாக்குத் தேடுகிறாரோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. தொழில் புத்தி. பதினைந்து வருடமாக மறியல்களிலும் பேச்சுவார்த்தைகளிலும் உட்கார்ந்து, சொல்கிற காரணத்துக்குப் பின்னால் இன்னொன்றைத் தேடிப் பழகியவன் நான். அவர் முகத்தைக் கவனித்தேன். அவருக்கு இந்தச் சம்பந்தம் வேண்டியிருந்தது. தம்பி பிள்ளையைக் கல்யாணம் செய்யாமல் கடல் தாண்டி அனுப்பவும் மனமில்லை. அதே சமயம், நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு அங்கே ஒரு காய்ச்சல் வந்தால்கூட, தெரிந்தே செய்தோம் என்ற நினைப்பைத் தாங்க அவரால் முடியாது. அவர் பயந்திருந்தார். பயந்தவரிடம் வாதம் செய்து பயனில்லை.

அடுத்த ஆவணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்போது பையன் இருக்கமாட்டான். அப்படியானால் இரண்டு வருடம். நிச்சயமான பெண்ணை இரண்டு வருடம் வீட்டில் வைத்திருப்பது என்றால் என்ன என்று அங்கே இருந்த யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மச்சான் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

மச்சான் மகள் அதுவரை சமையலறையில் இருந்தாள். அவள் கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். எதையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் கொடுப்பாள். வீட்டிலும் அந்தப் பழக்கம் உண்டு. வெளியே வந்து, ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு, வேறு காப்பியை வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“மாமா, ஒண்ணு கேக்கறங்க. மூணாவது முடிச்சு யாரு போட்டாங்க?”

பெரியப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் பக்கத்து முறைப்படி மாப்பிள்ளை இரண்டு முடிச்சு போடுவார். மூன்றாவது நாத்தனார் கை. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பின்னால் விளக்கோடு நின்று, குனிந்து அதைப் போட்டால்தான் கட்டியது கட்டியதாகும். அவர் யோசித்தார். அறையில் இருந்த எல்லாருமே யோசித்தோம். நானும் அன்று தூணோரமாக நின்று முழுக்கப் பார்த்தவன்தான். நாயகன் முதல் முடிச்சு போட்டார். இரண்டாவது போட்டார். பிறகு கையை எடுத்துவிட்டு நாயகியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் மறுபடி மறுபடி எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் இயக்குநர் நிறுத்தச் சொன்னார்.

“யாரும் போடல மாமா. நான் டைரக்டரு பாக்கற அந்தப் பொட்டி டிவி பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தன். அக்கா எங்கன்னு நீங்கதான கேட்டீங்க?”

பெரியப்பா காப்பியை எடுத்தார். பாதி குடித்தார். பிறகு, தான் கேட்டது உண்மைதான் என்றார். போன்தான் அக்கா என்று அந்தப் பையன் சொன்னதையும் நினைவுபடுத்திக்கொண்டார்.

“போனா வந்து முடிச்சு போடும்?” என்று மச்சானின் மனைவி கதவோரத்திலிருந்து சொன்னார். அன்று அவர் சொன்னதில் எல்லாரும் சிரித்த ஒரே வார்த்தை அதுதான். பெரியப்பாவும் சிரித்தார், சத்தமில்லாமல்.

எழுந்து வாசலுக்குப் போனார். பின்னாலேயே நாங்களும் போனோம். ஒதியங்காலின் மேல் கை வைத்து, அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. வேர் விட்டிருந்தது.

அங்கேயே நின்று தீர்ப்புச் சொன்னார். கோயில் கமிட்டியில் அவர் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன், அதே குரல். கல்யாணம் நடக்கவில்லை. நடுவிலேயே நிற்கிறது. ஆனால் பந்தக்கால் முறையாக நட்டது. ஒரு கல்யாணத்துக்கு என்று நட்ட கால், ஒரு கல்யாணத்தைப் பார்க்காமல் எப்படிப் பிடுங்குவது. அதனால் இரண்டாவது நடக்கூடாது. இதே கால்தான். இந்தப் பெண்ணின் கல்யாணம் இதற்கு.

“இது நம்ம பொண்ணுக்கு நட்டதுன்னே வெச்சிக்கங்க. நாலஞ்சு மாசம் முன்னாடி நட்டுட்டோம், அவ்ளோதான்” என்றார்.

இதில் தர்க்கம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. மச்சானின் மனைவி உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து பந்தக்காலுக்கு வைத்தார். துளிரில் மஞ்சள் படாமல் பார்த்துக்கொண்டார்.

தையில் கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் தங்கை திருநாவலூரில் வாழ்க்கைப்பட்டவள். கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து மூன்றாவது முடிச்சைப் போட்டாள். பெரியப்பா அட்சதையோடு மேடைக்கு மிக அருகில் நின்றார். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கையை எடுத்த பிறகுதான் அரிசியைத் தூவினார். கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் பந்தக்காலை எடுக்க நாள் பார்த்தார்கள். பிடுங்க வரவில்லை. மண்ணோடு பெயர்த்துக் கிணற்றோரம் நட்டுவிட்டார்கள்.

படம் சித்திரையில் வந்தது. மாப்பிள்ளை அப்போது துபாயில் இருந்தார். பெண்ணுக்கு விசா வந்துவிட்டது, டிக்கெட் போட வேண்டியது பாக்கி. கள்ளக்குறிச்சியில் மாலைக்காட்சிக்கு ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான். எனக்கு இடது பக்கம் மச்சான், அவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா.

படம் பரவாயில்லை. போனில் விரல் தவறுகிற இடத்தில் கொட்டகையே சிரித்தது. மலை அழகாக இருந்தது, ஆடவில்லை. பந்தக்கால் நடுகிற காட்சி மூன்று நொடி வந்தது. மச்சானின் மனைவியின் கை மட்டும் தெரிந்தது. வளையலை வைத்து அடையாளம் கண்டுபிடித்தோம். நவதானியம் தெரியவில்லை.

கல்யாணக் காட்சி வந்தபோது எங்கள் வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. பெரியப்பா கண்ணை மூடி அட்சதை போடுவது ஒரு மூலையில் தெரிந்தது. இங்கே யாரோ அவர் முழங்கையைத் தட்டினார்கள், அவர் கவனிக்கவில்லை. நாயகன் முதல் முடிச்சு போட்டார். இரண்டாவது போட்டார். சிரித்தார். பிறகு திரை முழுக்க இரண்டு கைகள் மிகக் கிட்டத்தில் வந்தன. மஞ்சள் கயிற்றில் மூன்றாவது முடிச்சு நிதானமாக விழுந்தது.

மச்சானின் மனைவி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டதை வளையல் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். மச்சான் திரும்பிப் பார்க்கவே இல்லை. மகள் மட்டும் முன்னால் சாய்ந்து பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் திரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் மறைந்து மேளம் ஓங்கியது. பிறகு, கோயில் கமிட்டிக் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, எங்கள் வரிசைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“பின்னால செவுரப் பாத்தீங்களா? கறை இல்ல. அது நம்ம வூட்டு செவுரு இல்ல.”

மகள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். பாப்கார்ன் பொட்டலம் வரிசையில் மறுபடி நகரத் தொடங்கியது.